வேலை இருந்தது, சம்பளம்?

கேள்வி: கம்யூனிச ஆட்சி முடிந்து சந்தைப் பொருளாதாரம் வந்தபோது போலந்தில் வேலையின்மை 16 சதவீதத்தைத் தொட்டது. ரஷ்யாவிலோ 1992-இல் சுமார் 5 சதவீதம்தான். தொழிலாளியை நடுத்தெருவில் விடாத ரஷ்ய வழிதானே மேல்?

பதில்: நடுத்தெருவில் விடவில்லை, உண்மை. ஆலைக்குள்ளேயே வைத்துப் பட்டினி போட்டார்கள்.

உங்கள் எண்களில் தப்பில்லை. ஆனால் அந்த 5 சதவீதத்துக்கு வெளியே யாரெல்லாம் நின்றார்கள் என்று பாருங்கள். சம்பளமில்லாத கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டவர் ‘வேலையில் உள்ளவர்’. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கூப்பிடப்பட்டவரும் அப்படியே. மாதக்கணக்கில் சம்பளத்தையே பார்க்காதவரும் வேலையில் உள்ளவர்தான்.

நிர்வாகம் மனமிரங்கி ஆட்களை வைத்துக்கொண்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்குறைப்பு என்றால் இரண்டு மாத நோட்டீஸ், மூன்று மாதம் வரை சம்பளம் தரவேண்டும் என்பது சட்டம். மாதச் சம்பளத்துக்கே கல்லாவில் காசில்லை, இழப்பீட்டுக்கு எங்கே போவது? ஆளே வெறுத்துப்போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் செலவு மிச்சம். அதனால் இழுத்தடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். இதில் வரிவிதிப்பின் வேடிக்கை ஒன்றும் உண்டு. 1990-களின் முற்பாதியில், ஆலையின் சராசரிச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி போட்டார்கள். அடிமட்டச் சம்பளக்காரர்கள் பட்டியலில் நிறையப் பேர் இருந்தால் சராசரி இறங்கும், வரியும் தப்பும். வேலையே இல்லாத ஆளுக்கும் இப்படி ஒரு மதிப்பு வந்தது.

சரி, தொழிலாளி ஏன் கிளம்பவில்லை? குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை, விடுதி அறை, கோடைக்கால ஓய்வில்லம் எல்லாமே ஆலையுடையவை. பென்ஷனுக்கான சர்வீஸ் கணக்கு எழுதப்பட்ட பணிப்பதிவுப் புத்தகமும் ஆலை அலுவலக அலமாரியில்தான் கிடந்தது. அப்புறம், வெளியே போனால் கிடைக்கும் வேலையற்றோர் உதவித்தொகை கைச்செலவுக்கும் காணாது.

1992 ஜனவரி 2-ஆம் தேதி ரஷ்ய அதிபர் யெல்ட்சின் அரசு பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை எடுத்தது. அந்த ஓராண்டில் விலைவாசி சுமார் 26 மடங்கு ஏறியது. சேமிப்பு வங்கியில் ஆயுள் முழுக்கப் போட்டு வைத்தது போயிற்று. மிஞ்சியது சம்பளம்; அதுவும் பாக்கியாகத் தொடங்கியது. ஆலைக்கு வரவேண்டியது வரவில்லை, ஆலை மின்கட்டணம் கட்டவில்லை, அரசே ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் கடன்காரனாக நின்றது. பணத்துக்குப் பதில் பண்டம் வந்தது. கூஸ்-க்ருஸ்தால்னி என்ற கண்ணாடி ஊரில் சம்பளமாக வாங்கிய பூச்சாடிகளையும் கோப்பைகளையும் ரயில் பயணிகளிடம் நீட்டி விற்றார்கள். அல்தாய் பகுதியில் ஆசிரியர்களுக்குச் சம்பள பாக்கிக்கு வோட்கா பாட்டில்கள் கொடுத்தார்கள். வகுப்பில் பாடம் நடத்திவிட்டு மாலையில் பாட்டிலுக்கு ஆள் தேடும் உத்தியோகம்!

1998 மே மாதம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சைபீரிய ரயில் பாதையில் உட்கார்ந்தார்கள். கோடையில் மாஸ்கோவில் அரசு மாளிகை எதிரே முகாமிட்டுத் தலைக்கவசத்தைத் தரையில் அடித்தார்கள். அவர்கள் எல்லோருமே உங்கள் கணக்கில் வேலையில் உள்ளவர்கள். அந்த ஆகஸ்ட் 17-இல் அரசு வாங்கிய கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. டாலருக்கு 6 ரூபிளாக இருந்தது ஆண்டு முடிவதற்குள் 20-க்குப் போனது. மே மாதச் சம்பளம் 1,200 ரூபிள் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிய நாளில் வந்திருந்தால் 200 டாலர் பெறும். டிசம்பரில் கைக்கு வந்தபோது 60. பாக்கி முழுதும் தீர்ந்தது என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம். இத்தனைக்கும் பிறகு அதே காலத்தில் வேலையின்மையும் 13 சதவீதம் வரை ஏறியது. வேலையாவது மிஞ்சியது என்று சொல்லவும் வழியில்லை.

போலந்தைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அரசுப் பண்ணைகளைக் கலைத்த கிராமங்கள் அங்கே வெகுகாலம் எழவே இல்லை. ஆனால் வேலை போனவருக்கு வேலை போய்விட்டது என்று அரசு ஒப்புக்கொண்டது. கையில் உதவித்தொகையும் கொடுத்தது. தொழிலாளர் நல அமைச்சர் யாட்செக் குரோன் பெயரையே வைத்து ‘குரோனியூவ்கா’ என்று மக்கள் அதை அழைத்தார்கள். தொகை சிறிதுதான், ஆனாலும் வந்தது. ரஷ்யாவில் அந்தச் சுமையைத் தொழிலாளியே சுமந்தார்; தன் சம்பளத்தையே, வட்டியில்லாக் கடனாக, ஆலைக்கும் அரசுக்கும் கொடுத்தார். யாரும் அவரைக் கேட்டு வாங்கவில்லை.

2002-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தில்தான், 15 நாளுக்கு மேல் சம்பளம் தாமதமானால் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு வேலையை நிறுத்திவைக்கலாம், தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம் என்று எழுதினார்கள். அதிலும் ஆம்புலன்ஸ், மின்சாரம் போன்ற துறைக்காரர்களுக்கு நிறுத்திவைக்கும் உரிமை இல்லை.