இன்றைக்கு ஆபரேஷன் இல்லை என்று சொல்லிவிட்டால்...

இதய ஆபரேஷனுக்குத் தயாராவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசின: எல்லாம் தயாரான பிறகு, கடைசி நேரத்தில் ஆபரேஷன் தள்ளிப்போனது. இந்த முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு, பைபாஸ் செய்வதாக இருந்தது. நள்ளிரவிலிருந்து பட்டினி. நெஞ்சு முடியை எடுத்து, கவுன் மாட்டி, பல் செட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரில் படுத்தும்விட்டார். தியேட்டர் வாசல் வரை போன பிறகு, அவசர கேஸ் வந்துவிட்டது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. இனிமேல் அங்கே வரவே மாட்டேன் என்கிறார். — ஒரு மகள்

அப்பாவின் மனசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவருடைய மாத்திரை டப்பாவை எடுத்து முன்னால் வையுங்கள். இப்படி ஆரம்பிப்பது இரக்கமில்லாததாகத் தெரியலாம், ஆனால் ஆபரேஷன் தள்ளிப்போன வீடுகளை நினைத்தால் எனக்கு முதலில் வருகிற பயம் இதுதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரையை ஆபரேஷனுக்கு ஏறக்குறைய 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். சர்க்கரைக்குக் கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையை 3 நாளாவது முன்னால் நிறுத்தியிருப்பார்கள். சில பிரஷர் மாத்திரைகளை அன்று காலை மட்டும் வேண்டாம் என்றிருப்பார்கள், பட்டினி என்பதால் இன்சுலின் அளவையும் குறைத்திருப்பார்கள். ஆபரேஷன் நடந்திருந்தால் இதையெல்லாம் மறுபடி எப்போது தொடங்குவது என்று வார்டிலேயே பார்த்துக்கொள்வார்கள். நடக்காமல் வீட்டுக்கு அனுப்பும்போதுதான், அந்தப் பரபரப்பில், இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், அடைப்பு அப்படியே இருக்கிறது, அடைப்புக்கான மருந்து மட்டும் நின்றுபோயிருக்கிறது.

அதனால் இன்றைக்கே வார்டுக்கு போன் செய்து ஒவ்வொரு மாத்திரையாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இதைத் தொடரலாமா, எந்த அளவில், எந்த நாள் வரை? பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். புதுத் தேதி நாலு நாளில் இருந்தால் குளோபிடோக்ரெலை வேண்டாம் என்றே சொல்லக்கூடும், அது தெரியாமல் நீங்கள் கொடுத்துவிட்டால் ரத்தக்கசிவுக்குப் பயந்து மறுபடி தள்ளிவைப்பார்கள். அதே மாதிரி, இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறவர் என்றால் அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, படபடப்பும் நெஞ்சுவலியும் கூடிவிடும்.

சரி, இப்போது அப்பா. அவசர கேஸ் என்றால் என்னவென்று அவருக்கு யாராவது விளக்கினார்களா? இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பகுதியிலேயே அது கிழிந்திருந்தால், ஆபரேஷன் செய்யாத முதல் இரண்டு நாளில் மணிக்கு 1 முதல் 2 சதவீதம் வரை உயிராபத்து ஏறிக்கொண்டே போகும் என்பது இதய டாக்டர்கள் எல்லோரும் படித்த கணக்கு. அப்படி ஒருவர் வந்தால் தியேட்டர், ஆபரேஷன் நடக்கும்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இதய நுரையீரல் இயந்திரம், அதை இயக்குகிறவர், ஐசியு படுக்கை எல்லாம் அவருக்குத்தான் போகும், போகவும் வேண்டும். இன்னொன்றும் உண்டு. பைபாஸ் முடிந்து வருகிறவருக்கு முதல் இரவு வெண்டிலேட்டரோடு ஒரு படுக்கையும், அவரை மட்டும் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸும் தேவை. நேற்று ஆபரேஷன் ஆனவர் தேறாமல் அங்கேயே இருந்தால் இன்றைக்கு இடமில்லை. இதில் எதுவும் உங்கள் அப்பாவை மட்டமாக நினைத்து நடந்ததில்லை. காத்திருக்கக்கூடியவர் என்று நம்பித்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள், இதை அவர் டாக்டர் வாயால் கேட்க வேண்டும், நீங்கள் சொன்னால் சமாதானம் மாதிரித்தான் இருக்கும்.

காரணம் நியாயமாக இருந்துவிட்டதால் வலி இல்லாமல் போய்விடாது. ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுக்க அந்த மனிதர் எத்தனை இரவு தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாரோ, பேங்க் புத்தகம் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லி வைத்தாரோ என்னவோ. அந்தத் தைரியத்தை இன்னொரு தடவை முதலிலிருந்து சேர்க்கச் சொல்கிறோம். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வருகிற உறவினர்களை ஒரு வாரத்துக்குத் தள்ளியே வையுங்கள். அவர் கோபப்படட்டும். வரமாட்டேன் என்பதற்கு இன்றைக்கே எதிர்வாதம் வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து, அன்றைக்கு எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்தக் காரிடாரில் தனியாகப் படுத்திருந்ததா? பல் செட் இல்லாமல் வாய் குழறி, கேட்க நினைத்ததைக் கேட்க முடியாமல் போனதா? பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும், அதைச் சரிசெய்யவும் முடியும். அடுத்த முறைக்கு அவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஐசியு படுக்கை உறுதியான பிறகே வார்டிலிருந்து அழைத்துப் போங்கள், தியேட்டர் கதவு வரை ஒருவர் கூட இருக்க அனுமதியுங்கள், அன்றைய பட்டியலில் முதல் கேஸாகப் போட முடியுமா என்று பாருங்கள். இதையெல்லாம் மருத்துவமனையில் தாராளமாகக் கேட்கலாம், எல்லாம் கிடைக்காது, ஒன்றிரண்டு கிடைத்தாலே அவர் மனசு மாறக்கூடும்.

அப்புறம், தேதி எப்போது, யாரை எந்த நம்பரில் கூப்பிடுவது, எந்தப் பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். ரத்தம் பொருத்தம் பார்த்த சாம்பிள் சில நாளுக்குத்தான் செல்லும், இன்சூரன்ஸ் அனுமதிக்கும் கெடு இருக்கும். சாப்பாடு, தூக்கம் இரண்டும் இரண்டு வாரம் தாண்டியும் சரியாகவில்லை என்றால் அதையும் இதய டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு இதய நோயாளியின் தேறுதலைக் கெடுக்கும், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: எனக்கு லேசான சளியும் இருமலும்தான். அதற்காக வால்வு ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இது கொஞ்சம் அதிகமில்லையா? — ஒரு வாசகர்

அதிகமில்லை ஐயா. உங்கள் மார்பெலும்பை நடுவில் பிளந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டி வைப்பார்கள். அது ஓரளவு கூடவே 6 முதல் 8 வாரம் ஆகும். ஆபரேஷன் முடிந்த மறுநாள் அந்தக் கட்டின் மீது இருமிப் பார்ப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இதோடு, இதய நுரையீரல் இயந்திரத்தில் ரத்தம் ஓடிவரும்போது உடம்பு முழுவதும் ஒரு அழற்சி கிளம்பும், நுரையீரலும் அதில் சிக்கும். ஏற்கெனவே சளி பிடித்த நுரையீரல் என்றால் வெண்டிலேட்டரிலிருந்து எடுக்க நாளாகும், நிமோனியாவும் வரலாம். உங்களுக்கு வைக்கப்போவது செயற்கை வால்வு, உடம்பில் எங்கே கிருமி இருந்தாலும் ரத்தத்தில் கலந்து அந்த வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒட்டிக்கொண்டால் அதைக் கழுவி எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பல்லில் சீழ் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதும் இதனால்தான். நீங்கள் இன்னும் பல் டாக்டரைப் பார்க்கவில்லை என்றால் இந்த இடைவெளியில் பார்த்துவிடுங்கள், அதற்காகவே இன்னொரு தேதி தவறிப்போவதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

மூச்சை உறிஞ்சி இழுப்பதற்கு மூன்று பந்து வைத்த ஒரு கருவி கொடுத்திருப்பார்களே, சளி தணிந்ததும் அதை விடாமல் செய்யுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. நெஞ்சு முடியை வீட்டிலேயே ரேஸரால் வழித்துத் தயாராகிவிட வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி தங்கும். மருத்துவமனையில் கிளிப்பர் வைத்து எடுப்பார்கள்.

கேள்வி: என் கணவருக்குப் பெருந்தமனி வால்வு சுருங்கியிருக்கிறது. ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போயிருக்கிறது. ராத்திரியெல்லாம் அவர் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். — ஒரு மனைவி

அம்மா, ராத்திரி முழுக்க நீங்கள் காவல் இருந்தால் மூன்று வாரத்தில் நீங்கள் படுத்துவிடுவீர்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் மற்ற நேரம் கொஞ்சம் கண்ணை மூடலாம்.

தினமும் காலையில், கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்னால், எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பில்லை, உடம்பில் நீர் தேங்குகிறது. ஒரு தலையணையில் தூங்கியவர் இரண்டு மூன்று கேட்கிறாரா, போன வாரம் நிற்காமல் ஏறிய படியில் இந்த வாரம் நடுவில் நிற்கிறாரா, கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுகிறதா? இதில் ஏதாவது மாறினால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். சொன்னால் தேதி முன்னால் வரக்கூடும். அவர்கள் தேதி கொடுத்தது ஆபரேஷன் தள்ளிப்போன அன்றைக்கு இருந்த நிலைமையை வைத்து, நிலைமை மாறியதை நீங்கள் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? தொந்தரவு செய்கிறோமோ என்ற தயக்கமே வேண்டாம்.

மயங்கி விழுந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்தாலோ, படுக்க முடியாமல் மூச்சு முட்டினாலோ போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், நேராக ஆம்புலன்ஸ். முக்கியமாக இன்னொன்று. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு அது உதவும். அவர்கள்கூட உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், 5 நிமிடத்தில் வலி போகவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வால்வு மிகவும் சுருங்கியவருக்கு அதனால் பிரஷர் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். அவருடைய டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே.

பாரம் தூக்குவது, மூச்சிரைக்க வேகமாக ஏறுவது வேண்டாம். முடிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரிக்கு வேறு யாரையாவது அவர் பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள், நீங்கள் வேறு அறையில் தூங்குங்கள்.

கேள்வி: ஆபரேஷன் இல்லை என்றதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஊரிலிருந்து லீவு போட்டு வந்த பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள், நானோ உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. — பெயர் வேண்டாம்

உங்களுக்கு ஒன்றும் குறையில்லை. நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள் என்று தெரிந்து படுத்திருக்கிற யாருக்கும் ஒரு நாள் கூடக் கிடைத்தால் அப்படித்தான் இருக்கும். கோபமும் நிம்மதியும் ஒரே நேரத்தில் வந்ததாக எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிம்மதி நாளாக நாளாக, சும்மா மாத்திரையிலேயே ஓட்டிவிடலாமே என்ற எண்ணமாக வளர்கிறதா என்று மட்டும் பாருங்கள். வளர்ந்தால் ஒளித்து வைக்காமல் டாக்டரிடமே கேளுங்கள்: ஆபரேஷன் செய்யாவிட்டால் என் இதயம் அடுத்த ஒரு வருஷத்தில் எப்படி இருக்கும்? நேர்மையான பதிலைக் கேட்டு எடுக்கிற முடிவு உங்களுடையது. பிள்ளைகளின் லீவைப் பற்றி அவர்கள் கவலைப்படட்டும்.

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது, இதயத்தில் ஓட்டை. பொம்மையைக் கட்டிக்கொண்டு தண்ணீர் தண்ணீர் என்று அழுதுகொண்டே காத்திருந்தாள், மத்தியானம் இல்லை என்றார்கள். அவளிடம் என்ன சொல்வது? — ஒரு அம்மா

உண்மையைச் சின்னதாகச் சொல்லுங்கள். டாக்டருக்கு இன்றைக்கு இன்னொருவரை அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்தது, உன்னை வேறு நாள் பார்ப்பார், நீ எதுவும் தப்பு செய்யவில்லை. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அழுததால்தான், ஊசிக்குக் கையைக் கொடுக்காததால்தான் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று இந்த வயதுக் குழந்தைகள் தாங்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். இனிமேல் போகவே வேண்டாம் என்று மட்டும் அவளைச் சமாதானப்படுத்தாதீர்கள், மறுபடி அழைத்துப் போகும்போது உங்களை நம்பமாட்டாள்.

பட்டினியைப் பற்றி அடுத்த முறை நீங்கள் முன்கூட்டியே பேசுங்கள். கெட்டியான உணவுக்கு 6 மணி நேரம் இடைவெளி வேண்டும், வெறும் தண்ணீருக்கு அவ்வளவு வேண்டியதில்லை, மயக்கம் கொடுப்பதற்கு 2 மணி நேரம் முன்பு வரை பொதுவாகக் கொடுக்கலாம், குழந்தைகளுக்கு இன்னும் குறைத்திருக்கிற இடங்களும் உண்டு. நள்ளிரவுக்குப் பிறகு எதுவுமே கூடாது என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. நேரம் தள்ளிப்போகிறது என்று தெரிந்தவுடனே, குழந்தைக்கு இப்போது தண்ணீர் கொடுக்கலாமா என்று மயக்க டாக்டரிடம் கேட்டு அனுப்புங்கள், அவர் சரி என்ற பிறகு கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்டாலும் தவறில்லை.

கேள்வி: இரண்டாவது முறையும் தள்ளிவிட்டார்கள். வேறு மருத்துவமனைக்கு மாறிவிடலாமா? — ஒரு வாசகர்

மாறலாம், கோபத்தில் மட்டும் மாற வேண்டாம். முதலில் சர்ஜனையே நேரில் பார்த்து, இரண்டு முறையும் என்ன காரணம், என் கேஸ் எவ்வளவு அவசரம், எத்தனை நாளுக்குள் செய்தாக வேண்டும் என்று கேளுங்கள். முதல் முறை ஐசியு படுக்கை இல்லாமலும் இரண்டாம் முறை சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் உங்கள் கிரியாட்டினின் அளவு ஏறியதாலும் என்றால், ஆஞ்சியோகிராம் மருந்தால் சிறுநீரகம் சோர்ந்திருக்கலாம், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அது இறங்கும் வரை காத்திருக்கத்தான் சொல்வார்கள். இரண்டு முறையும் இடமில்லை என்பதே காரணம், சொன்ன கெடுவுக்குள் தேதியும் தர முடியவில்லை என்றால் மாறுவதில் நியாயம் இருக்கிறது. அப்படிப் போகும்போது ஆஞ்சியோகிராம் சிடி, எக்கோ ரிப்போர்ட், கடைசி ரத்தப் பரிசோதனைகள், எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்ற சீட்டு, ஏன் தள்ளிவைத்தார்கள் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாவற்றின் நகலையும் கையோடு கொண்டு போங்கள். புது இடத்தில் தேதி உறுதியாகும் வரை பழைய இடத்துப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லாதீர்கள். உறுதியான அன்றைக்கே மறக்காமல் சொல்லி எடுத்துவிடுங்கள், உங்களை மாதிரியே இன்னொருவர் அந்த இடத்துக்குக் காத்திருப்பார்.