பென்னி பிளாக் எந்தத் தகட்டில் அச்சானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் தாத்தாவின் ஆல்பத்தில் ஒரு பென்னி பிளாக் (1840-இல் பிரிட்டன் வெளியிட்ட, உலகின் முதல் ஒட்டும் தபால்தலை) இருக்கிறது, கீழ் மூலைகளில் ‘கே’, ‘எஃப்’ என்று எழுத்துகள் தெரிகின்றன, அது தாளில் எந்த இடம், எந்தத் தகடு (ஒரு முழுத் தாளை அச்சடிக்கும் உலோகப் பலகை) என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடத்தை இப்போதே சொல்லிவிடலாம். ஒரு தாளில் 240 தபால்தலைகள்: 20 வரிசை, வரிசைக்கு 12. இடது எழுத்து எந்த வரிசை என்று சொல்லும், வலது எழுத்து அந்த வரிசையில் எத்தனையாவது என்று சொல்லும். ஆக உங்களுடையது 11-ஆவது வரிசையில் 6-ஆவது.

தகடுதான் வேலை வாங்கும். பென்னி பிளாக்குக்கு மொத்தம் 11 தகடுகள். முதல் தகட்டைக் கடினப்படுத்தாமலே அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். அது சீக்கிரம் தேய்ந்துபோகவே, சரிசெய்து மறுபடி பயன்படுத்தினார்கள். அதனால் அதை 1ஏ, 1பி என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். இந்த எல்லாத் தகடுகளிலும் ஒரு ‘கே எஃப்’ உண்டு.

அப்படியென்றால் ஒன்றிலிருந்து ஒன்றை எப்படிப் பிரிப்பது? இங்கேதான் எனக்கு இந்தத் தபால்தலை மேல் தீராத ஆசை. விக்டோரியா ராணியின் முகம் ஒரே மூல அச்சிலிருந்து எஃகு உருளைக்கு ஏறி, உருளையிலிருந்து தகட்டில் 240 முறை அழுத்தப்பட்டது. ஆனால் மூல அச்சில் கீழ் மூலைக் கட்டங்கள் காலியாக இருந்தன. எழுத்துகளை ஒரு தொழிலாளி உளி போன்ற எழுத்தச்சை வைத்துச் சுத்தியலால் தட்டி ஒவ்வொன்றாக இறக்கினார். தகட்டுக்கு 480 எழுத்து. ஒன்று இடப்பக்கம் ஒட்டி நிற்கும், ஒன்று லேசாகச் சாயும், ஒன்று கீழ்க் கோட்டைத் தொடும். இன்னொரு தகட்டில் அதே எழுத்து அச்சு அசலாக அதே இடத்தில் விழ வாய்ப்பு மிகக் குறைவு.

சிங்கப்பூரின் கோல்மன் ஸ்ட்ரீட்டில் தபால்தலை அருங்காட்சியகம் இருந்த காலத்தில் (இப்போது அது சிறுவர் அருங்காட்சியகம்) ஒரு சீனப் பெரியவர் எனக்குப் பழக்கமானார். நான் லென்ஸை வைத்துக்கொண்டு எழுத்தின் தடிமனையே பார்த்துக்கொண்டிருந்தேன். “எழுத்தைப் பார்க்காதே, எழுத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வெள்ளையைப் பார்” என்றார் அங்கிள். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது அப்புறம் புரிந்தது. மை அதிகமானால் எழுத்து தடிக்கும், தகடு தேய்ந்தால் மெலியும். வெள்ளை இடைவெளி அவ்வளவு சுலபமாக மாறாது.

நான் வாங்கிய முதல் பென்னி பிளாக்கின் உறையில் கடைக்காரர் ஒரு தகட்டு எண்ணை எழுதியிருந்தார். வருடக்கணக்கில் அதையே நம்பியிருந்தேன். ஒரு நாள் 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, அந்தத் தகட்டின் படத்தோடு பக்கத்தில் வைத்தேன். வலது எழுத்து கச்சிதமாகப் பொருந்தியது, இடது எழுத்து பொருந்தவே இல்லை. அன்று மனசு ரொம்ப வலித்தது. அதனால் சொல்கிறேன், ஒரு எழுத்து ஒத்துப்போனதும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் பொருந்த வேண்டும். தகடு செய்யும்போது போட்ட வழிகாட்டிக் கோடு மூலைக் கட்டத்தில் மிச்சம் இருக்கிறதா, ஓரக் கோடு எங்காவது இரட்டையாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். அவையும் சாட்சிதான்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. 1841-இல் நிறத்தைச் சிவப்புக்கு மாற்றியபோது 1பி, 2, 5, 8, 9, 10, 11 ஆகிய தகடுகளிலேயே சிவப்பையும் அச்சடித்தார்கள். சிவப்பு ‘கே எஃப்’ கறுப்பை விட மலிவாகக் கிடைக்கும். தகடு உறுதியான ஒன்றை வாங்கி உங்கள் கறுப்பின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே சுத்தியல் அடி இரண்டு நிறத்தில் தெரிந்தால் அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

நம் ஊர்ப் பழைய கடிதங்களில் இந்த வசதி கிடையாது. 1867 வரை சிங்கப்பூரில் இந்தியத் தபால்தலைதான். 1854-இன் அரையணா நீலத் தபால்தலை கல்லச்சு, தாளுக்கு 96, மூலையில் எழுத்தே இல்லை. அங்கே கல்லில் விழுந்த கீறலையும் புள்ளியையும் வைத்துத்தான் இடத்தைத் தேட வேண்டும்.

உங்கள் ஒப்பீடு 11-ஆம் தகட்டைக் காட்டினால் மட்டும் நிதானமாக இருங்கள். அதில் கறுப்பு 700 தாள்கள்தான் அச்சானது, விலை எங்கேயோ நிற்கும். நிபுணர் குழுவின் சான்றிதழ் கைக்கு வராமல் விற்கவும் வேண்டாம், வெளியே சொல்லவும் வேண்டாம். அதுவரை தண்ணீரில் நனைக்காதீர்கள், நம் ஊர் ஈரக்காற்று படாமல் டிரை கேபினட்டில் வையுங்கள்.

இரண்டு மூலைகளும் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கேனைக் கீழே போடுங்கள். என்னிடம் 8-ஆம் தகட்டின் சிவப்பு ‘கே எஃப்’ ஒன்று இருக்கிறது, முதலில் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.