போற வழியில வேலை பார்த்துக்கலாமா?

கேள்வி: அக்கா, சேர்த்து வச்ச காசு எப்படி இழுத்துப் பிடிச்சாலும் ஆறு மாசம்தான் தாங்கும், எனக்கோ ஒன்றரை வருஷமாவது வெளிநாடு சுத்தணும். போற இடத்துல பாத்திரம் கழுவுறது, பழம் பறிக்கிறதுன்னு கிடைச்ச வேலையைப் பார்த்துக்கிட்டே அப்படியே நகர்ந்துடலாம்னு பிளான். சரியா வருமா?

பதில்: வேலை பார்த்து சுத்துறது சரியா வரும், "அப்படியே நகர்ந்துடலாம்"ங்கிறதுதான் வராது. டூரிஸ்ட் விசால போய் சம்பளத்துக்கு வேலை பார்க்க அநேகமா எந்த நாடும் விடாது, மாட்டினா திருப்பி அனுப்பிடுவாங்க, அதுக்கப்புறம் ஒவ்வொரு விசா ஃபார்ம்லயும் "இதுக்கு முன்னாடி எங்கயாவது வெளியேத்தப்பட்டிருக்கீங்களா"ன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, அது காலத்துக்கும் கூடவே வரும். அதைவிட மோசம் என்னன்னா, முதலாளி சம்பளம் தராம இழுத்தடிச்சா உங்களால யார்கிட்டயும் போய் புகார் குடுக்க முடியாது, அது அந்த ஆளுக்கும் நல்லாவே தெரியும்.

அதனால முதல்ல பாஸ்போர்ட்டை எடுத்து வச்சுக்கிட்டு, அதுக்கு எந்தெந்த நாட்டுல ஒர்க்கிங் ஹாலிடே விசா (இளவயசுக்காரங்க ஊர் சுத்திக்கிட்டே சம்பளத்துக்கு வேலையும் பார்க்க விடுற விசா) கிடைக்கும்னு பாருங்க. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, ஜப்பான்னு பல நாடு இதைத் தருது, ஆனா நாட்டுக்கு நாடு போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்துதான், பக்கத்துல நிக்கிறவருக்குக் கிடைக்கும் உங்களுக்குக் கிடைக்காது. பெரும்பாலும் 18லேருந்து 30 வயசு, சில பாஸ்போர்ட்டுக்கு மட்டும் 35 வரைக்கும். இருபத்தொன்பதுல இருக்கிறவங்க "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு சொல்றதைக் கேட்டா எனக்கு பதட்டமாயிடும். கனடால தகுதி இருந்தாலும் குலுக்கல்ல பேர் வந்து அழைப்பு கிடைக்கணும்.

இன்னொன்னு, மாசத்துல பாதி வேலை பாதி ஊர் சுத்தல்னு கலக்காதீங்க. சம்பளம் கூட இருக்கிற நாட்டுல ஒரே மூச்சா மூணு நாலு மாசம் வேலை, அந்தக் காசை எடுத்துக்கிட்டு செலவு கம்மியா இருக்கிற நாட்டுல போய் அதைவிட ரெண்டு மடங்கு காலம் சுத்தல், இதுதான் கணக்கு. வேலை சீசனை ஒட்டித்தான் வரும்: ஆஸ்திரேலியால டாஸ்மேனியா பக்கம் செர்ரி டிசம்பர் ஜனவரி, மில்டுரா பக்கம் திராட்சை பிப்ரவரி மார்ச், நியூசிலாந்து டெ புகே பக்கம் கிவி பழம் மார்ச் கடைசிலேருந்து ஜூன் வரைக்கும் (நியூசிலாந்துக்குத் தனி விசா, மறந்துடாதீங்க). ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு ஊர்ல டிசம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும் ஹோட்டல் வேலை இருக்கும், ரூமும் சாப்பாடும் சேர்ந்து வந்தா கையில வர்ற சம்பளம் சுமாரா இருந்தாலும் செலவே ஆகாம நிக்கும், அங்கயும் வேலை பார்க்க அனுமதி உள்ளவங்களுக்குத்தான். சீசன் முடியுற நேரத்துல போய் இறங்கினா அங்க இருக்கிற வேலையெல்லாம் ஏற்கெனவே வந்தவங்க கையில இருக்கும்.

திரும்பி வர்ற டிக்கெட் காசையும் ஒரு மாச செலவையும் வேற அக்கவுண்ட்ல போட்டு மறந்துடுங்க. அதைத் தொட வேண்டிய நாள் வந்துச்சுன்னா அன்னைக்கு டிக்கெட்டைப் போட்டுடுங்க.

கேள்வி: காசே வாங்காம, தங்க இடமும் சாப்பாடும் மட்டும் வாங்கிக்கிட்டு பண்ணைல வேலை செஞ்சா விசா பிரச்சனை இல்லைதானே? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

பதில்: எல்லாரும் சொல்றாங்க, இமிகிரேஷன்ல சொல்ல மாட்டாங்க. 1971ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச வூஃப் (இயற்கை விவசாயப் பண்ணைல ஒரு நாளைக்கு சில மணி நேரம் வேலை, பதிலுக்கு சாப்பாடும் படுக்கையும்), அப்புறம் வந்த ஒர்க்கவே மாதிரி இதே ஏற்பாட்டுக்கு ஆள் சேர்க்குற இணையதளங்கள், எல்லாமே நல்ல ஏற்பாடுதான், காசு கரையுறது பாதியா குறைஞ்சிடும். ஆனா நியூசிலாந்துல சாப்பாடு, தங்குமிடம் வாங்கிக்கிட்டு செய்யறதையும் வேலைன்னுதான் கணக்குல எடுத்துப்பாங்க. பிரிட்டன்ல விசிட்டரா போனவங்க பதிவு பண்ண தர்ம ஸ்தாபனத்துல 30 நாள் வரைக்கும் தன்னார்வமா உதவலாம், ஒரு தனியார் ஹாஸ்டல் ரிசப்ஷன்ல உக்கார்றது அதுல சேராது. ஏர்போர்ட்ல பையைத் திறந்து போனைப் பார்த்து, பண்ணைக்காரர் அனுப்பின "திங்கக்கிழமைலேருந்து வேலை"ங்கிற மெசேஜைப் படிச்சு திருப்பி அனுப்பினவங்க உண்டு. போற நாட்டோட இமிகிரேஷன் இணையதளத்துல "வேலை"ன்னா என்னன்னு போட்டிருக்கிற விளக்கத்தைப் படிங்க, அஞ்சு நிமிஷம்தான் ஆகும். இன்சூரன்ஸையும் பாருங்க, ஏணி ஏறி, மெஷின் பிடிச்சு அடிபட்டா பல டிராவல் பாலிசில பணம் வராது.

கேள்வி: ஆஸ்திரேலியால பழம் பறிச்சா நிறைய சம்பாதிக்கலாம்ங்கிறாங்க, நிஜமாவா?

பதில்: கை பழகினவங்க சம்பாதிக்கிறாங்க, முதல் ரெண்டு வாரம் முதுகு வலிதான் மிச்சம். பறிச்ச அளவுக்குக் கூலின்னு சொல்லி முன்னாடி ரொம்ப ஏமாத்தினாங்க, 2022 ஏப்ரல்லேருந்து எவ்வளவு பறிச்சாலும் வேலை பார்த்த நேரத்துக்கு குறைந்தபட்ச மணிக்கூலி குடுத்தே ஆகணும்னு விதி வந்துடுச்சு, அதனால எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீங்கன்னு தினமும் நீங்களே எழுதி வைங்க. வேலை பிடிச்சுத் தர்ற ஹாஸ்டல்ல மட்டும் ஜாக்கிரதை, மழை பெய்ஞ்சா பறிப்பு நின்னுடும், வார வாடகை நிக்காது, சில இடத்துல வேலையே இல்லாம "நாளைக்கு நாளைக்கு"ன்னு சொல்லி வாடகையை மட்டும் வாங்கிட்டிருப்பாங்க. முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி இப்ப அங்க தங்கியிருக்கிற ஒருத்தர்கிட்ட போன வாரம் எத்தனை நாள் வேலை இருந்துச்சுன்னு கேளுங்க. பாஸ்போர்ட்டை "பத்திரமா வச்சிருக்கோம்"னு கேட்டா குடுக்காம கிளம்பிடுங்க.

ரெண்டாவது வருஷ விசா வேணும்னா பல பாஸ்போர்ட்டுக்கு 88 நாள் குறிப்பிட்ட பகுதில குறிப்பிட்ட வேலை காட்டணும், சம்பள ரசீது எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. ஒர்க்கிங் ஹாலிடே விசால வருஷ வருமானம் 45,000 ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் 15 சதவீதம் வரி, ஓய்வூதியக் கணக்குல முதலாளி போட்ட பணத்தை நாட்டை விட்டு வந்தப்புறம் கேட்டா அதுல 65 சதவீதம் பிடிச்சுப்பாங்க. அந்தப் பணத்தை நம்பி எதையும் புக் பண்ணாதீங்க.

கேள்வி: லேப்டாப் வேலை பார்த்துக்கிட்டே போனா இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே?

பதில்: வேலை ஏற்கெனவே கையில இருந்தா. போய் தேடிக்கலாம்னா பழமே பறிச்சுடலாம். எஸ்டோனியா 2020லயே இதுக்குன்னு தனி விசா கொண்டு வந்துச்சு, அதுக்கப்புறம் நிறைய நாடு, ஆனா எல்லாரும் மாச வருமானத்துக்கு ஆதாரம் கேப்பாங்க, அந்தத் தொகையைப் பார்த்துட்டு மறுபடி எழுதுங்க.