உருவாக்கியது யார், விடுவிப்பது யார்? ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் நிரலுக்கு ஆவணம் எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

விஎன்சி வகை சர்வர்களின் (ஒரு கணினியின் திரையை வேறோர் இடத்திலிருந்து பார்த்து இயக்க உதவுபவை) நிரலோடு நாள்தோறும் புழங்குபவன் என்பதால், த்ரெட்களையும் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைத் தொடர்கள்) ஆப்ஜெக்ட் உரிமையையும் (நினைவகத்தில் உருவாக்கியதை விடுவிக்கும் பொறுப்பு யாருடையது என்பது) ஆவணப்படுத்துவது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் சர்வரில் உள்ள எல்லா த்ரெட்களையும் காட்டும் பெரிய படம் ஒன்று வைத்திருக்கிறோம். ஆனால் நிரலை மாற்றும்போது யாரும் அதைத் திறப்பதில்லை. என்ன குறை?

படத்தில் குறை இல்லை, அது இருக்கும் இடம்தான் தவறு. புதிதாக வருபவர் முதல் வாரத்தில் பார்க்க அது உதவும். ஆனால் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு ஒரு ஃபங்ஷனைத் திருத்தும்போது அவர் கண் முன்னால் இருப்பது ஹெடர் கோப்பு (கிளாஸ்கள், ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் கோப்பு) மட்டுமே. எழுத வேண்டியதை அங்கே எழுதுங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் மூன்று செய்திகள் போதும்: எந்த த்ரெட்டில் யார் உருவாக்குகிறார், எந்த த்ரெட்டிலிருந்து அழைக்கலாம், எந்த த்ரெட்டில் யார் விடுவிக்கிறார்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம் துறையில் அதுதான் உயிர்நாடி. கிளையன்ட் (தொலைவிலிருந்து சர்வரோடு இணையும் நிரல்) எந்த நொடியிலும் இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டிப்பு முதலில் தெரிவது நெட்வொர்க் த்ரெட்டுக்கு. அந்த நேரத்தில் என்கோடர் த்ரெட் பாதிப் படத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கும், கேப்சர் த்ரெட் திரையின் அடுத்த படத்தை எடுத்துக்கொண்டிருக்கும். இந்த நிலையில் யார் எதை விடுவிக்கலாம் என்று எழுதி வைக்காவிட்டால், ஆளுக்கொரு ஊகத்தில் நிரல் எழுதுவார்கள்.

கேள்வி: நல்ல கமெண்ட் எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

டைகர்விஎன்சி என்ற திறமூல விஎன்சி மென்பொருளின் நிரலில் சர்வருக்கான ஹெடர் கோப்பைத் திறந்து பாருங்கள். சாக்கெட்டை (நெட்வொர்க் இணைப்பின் முனை) சர்வரிடம் ஒப்படைக்கும் ஃபங்ஷனுக்கு மேலே இருக்கும் கமெண்டின் சாரம் இதுதான்: சாக்கெட்டின் உரிமை அழைப்பவரிடமே இருக்கிறது, சர்வருக்கு அந்த சாக்கெட் வேண்டாம் என்றால் அதை ஷட்டவுன் செய்வது (விடுவிக்காமல் இணைப்பை மட்டும் மூடுவது) ஒன்றே வழி. சாக்கெட்டைத் திரும்பப் பெறும் ஃபங்ஷனுக்கும் இதே தெளிவோடு எழுதியிருக்கிறார்கள்: உரிமை அப்போதும் அழைப்பவரிடமே இருக்கிறது, சர்வர் அந்த சாக்கெட்டை விடுவிக்கக் கூடாது.

கமெண்ட் சிறியதுதான். ஆனாலும் கடவுச்சொல் தவறான கிளையன்டை சர்வர் எப்படி வெளியேற்ற வேண்டும் என்ற கேள்விக்கு அதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. சர்வர் ஷட்டவுன் மட்டும் செய்யும். பிரதான லூப் அதைக் கவனித்து, சர்வரிடமிருந்து சாக்கெட்டை நீக்கிய பிறகே விடுவிக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே சர்வர் கிளாஸின் பெயர் 'எஸ்டி' என்று முடிகிறது. ஒரே த்ரெட்டில் இயங்குவது என்பதைத்தான் அது குறிக்கிறது. பெயரிலேயே வாக்குறுதி இருந்தால் மறப்பது கடினம்.

கேள்வி: விஎன்சி சர்வர் எழுத உதவும் லிப்விஎன்சிசர்வர் என்ற நூலகத்தைப் பின்னணி த்ரெட்டில் ஓட விடுகிறோம். திரையின் அளவை மாற்றும்போது எப்போதாவது நிரல் விழுந்துவிடுகிறது. இதை ஆவணத்தால் தடுத்திருக்க முடியுமா?

நிச்சயமாக முடியும். அந்த நூலகத்தில் ஃப்ரேம்பஃபர் நினைவகத்தை (திரையின் படம் இருக்கும் இடம்) ஒதுக்குவது உங்கள் செயலி. நூலகத்திடம் இருப்பது அதன் நினைவக முகவரியைச் சொல்லும் வெறும் பாயிண்டர்தான், உரிமை அல்ல. பின்னணியில் ஓடும்போது ஒவ்வொரு கிளையன்டுக்கும் உள்ளீட்டு த்ரெட் ஒன்று, வெளியீட்டு த்ரெட் ஒன்று. அந்த வெளியீட்டு த்ரெட் உங்கள் பழைய ஃப்ரேம்பஃபரை வாசித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் அதை விடுவித்தால் விழத்தான் செய்யும்.

சரியான வரிசை இது: பழைய பாயிண்டரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், புதியதை ஒதுக்கி நூலகத்தின் மாற்று ஃபங்ஷனை அழையுங்கள், அது திரும்பிய பிறகே பழையதை விடுவியுங்கள். இந்த வரிசையை அந்த மாறியின் அறிவிப்புக்கு மேலேயே எழுதி வையுங்கள்.

கால்பேக்குகளுக்கும் (ஒரு நிகழ்வின்போது நூலகம் அழைக்கும் உங்கள் ஃபங்ஷன்கள்) இதே கவனம் தேவை. நீங்களே லூப்பில் நிகழ்வுகளைக் கையாளும் முறையில், விசைப்பலகைக் கால்பேக் உங்கள் த்ரெட்டிலேயே வரும். பின்னணி முறையிலோ அது அந்தந்தக் கிளையன்டின் உள்ளீட்டு த்ரெட்டில் வரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்தால், உங்கள் ஃபங்ஷனுக்குள் ஒரே சமயத்தில் இரண்டு த்ரெட்கள் நிற்கும். ஆகவே எந்த முறையில் எந்த த்ரெட் என்று இரண்டையும் குறிப்பிடாத கமெண்ட் அரைகுறையானது.

கிளையன்ட் பட்டியலைச் சுற்றிவரும் இட்டரேட்டரையும் மறக்காதீர்கள். பின்னணி முறையில் அது கடந்து செல்லும் கிளையன்டின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை (எத்தனை இடங்களில் அது பயன்பாட்டில் இருக்கிறது என்ற கணக்கு) ஏற்றி வைக்கிறது. பாதியில் லூப்பை விட்டு வெளியேறி, இட்டரேட்டரை விடுவிக்க மறந்தால் எண்ணிக்கை இறங்காது. அந்தக் கிளையன்ட் துண்டிக்கும்போது, துப்புரவு செய்யும் த்ரெட் எண்ணிக்கை பூஜ்யமாகட்டும் என்று காத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: சி++ மொழியில் எல்லாவற்றையும் ஷேர்டு பாயிண்டரில் (கடைசியாகப் பயன்படுத்துபவர் கைவிட்டதும் ஆப்ஜெக்டைத் தானே விடுவிப்பது) வைத்துவிட்டால் உரிமை பற்றி எழுதவே தேவையில்லையே?

இந்த வாதத்தை நான் ஏற்பதில்லை. ஷேர்டு பாயிண்டர், ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு மட்டுமே பொறுப்பு. டிஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) எந்த த்ரெட்டில் ஓடும் என்பதற்கு அது பொறுப்பல்ல. கடைசியாகக் கைவிட்ட த்ரெட் எதுவோ அதில் ஓடும். இன்று நெட்வொர்க் த்ரெட், நாளை என்கோடர்.

திரையோடு தொடர்புடைய ஆப்ஜெக்ட்களுக்கு இது ஆபத்து. விண்டோஸில் ஒரு த்ரெட்டை வேறு டெஸ்க்டாப்புக்கு, உதாரணமாக உள்நுழைவுத் திரைக்கு, மாற்றும் ஃபங்ஷன் இருக்கிறது. அந்த த்ரெட்டுக்குத் தற்போதைய டெஸ்க்டாப்பில் ஏதேனும் விண்டோவோ ஹுக்கோ (நிகழ்வுகளை இடைமறிக்கும் ஃபங்ஷன்) இருந்தால் அது தோற்றுவிடும். எனவே கேப்சர் த்ரெட்டில் யாரும் விண்டோ உருவாக்கக் கூடாது. இந்த விதி நிரலைப் பார்த்தால் தெரியாது, எழுதினால்தான் தெரியும். குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பின் நிரலில் கேப்சர், உள்ளீடு, இடைமுகம் ஆகியவற்றுக்குத் வேலைகளை உரிய இடத்தில் ஓட்டும் தனித்தனி டாஸ்க் ரன்னர்களைப் பெயரிட்டுக் கையளிக்கிறார்கள். எந்த வேலை எங்கே நடக்க வேண்டும் என்பது ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரைப் படித்தாலே புரிகிறது.

ஒருவருக்கு மட்டுமே உரியதை யூனிக் பாயிண்டராக வையுங்கள். ஃபங்ஷன் அதை மதிப்பாகப் பெற்றால், உரிமை கைமாறுகிறது என்று அந்த அறிவிப்பே சொல்லிவிடும்.

கேள்வி: 'த்ரெட்-சேஃப்' (பல த்ரெட்கள் பயன்படுத்தினாலும் பாதுகாப்பானது) என்று ஒரு சொல் எழுதினால் போதாதா?

போதாது. எதனோடு சேர்த்து, எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு, அழிக்கும்போதும் பாதுகாப்பா என்று எதையும் அது சொல்வதில்லை.

கேள்வி: கமெண்ட் பழசாகிவிடுகிறதே. கணினியே சரிபார்க்க வழி உண்டா?

முடிந்த இடத்தில் கமெண்டை நிரலாகவே மாற்றிவிடுங்கள். கிளாங் கம்பைலரில், இந்த மாறியை இந்த மியூட்டெக்ஸ் (பூட்டு) காக்கிறது என்று குறியிட வசதி உண்டு. பூட்டைப் பிடிக்காமல் தொட்டால் தொகுக்கும்போதே எச்சரிக்கை வரும். எந்த த்ரெட்டில் இருக்கிறோம் என்று ஃபங்ஷனின் முதல் வரியில் ஓர் அசர்ட் (நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்தும் சோதனை) வையுங்கள். டிஸ்ட்ரக்டரிலும் கட்டாயம் வையுங்கள்.

த்ரெட்களுக்கு இடையிலான மோதலைக் கண்டுபிடிக்கும் த்ரெட் சானிடைசர் என்ற கருவியும் நல்ல துணை. 5 முதல் 15 மடங்கு வேகம் குறையும், நினைவகமும் 5 முதல் 10 மடங்கு கூடும், ஆகவே சோதனைச் சூழலுக்கு மட்டும். உண்மையில் ஓடிய பாதையில் உள்ள மோதலைத்தான் அது காணும். இணைத்து, பாதியில் துண்டித்து, திரையின் அளவை மாற்றும் சோதனை ஒன்று எழுதாமல் அதை ஓட்டிப் பயன் இல்லை.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரி மாணவன். திறமூல சர்வர் ஒன்றுக்கு இப்படி ஆவணம் எழுதித் தர ஆசை. எங்கே தொடங்குவது?

தம்பி, முழு நிரலையும் படிக்க உட்காராதீர்கள். கிளையன்ட் துண்டிக்கும் பாதை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வரை ஜிடிபி என்ற பிழைதிருத்தியில் ஓட்டி, கிளையன்டின் டிஸ்ட்ரக்டரிலோ துப்புரவு ஃபங்ஷனிலோ நிறுத்துப்புள்ளி வைத்து, ஒரு வியூவரை இணைத்துத் துண்டியுங்கள். நின்றதும் எல்லா த்ரெட்களின் அழைப்பு அடுக்கையும் அச்சிட்டுப் பாருங்கள். எந்த த்ரெட்டில் நிற்கிறது, மற்றவை அப்போது எங்கே இருக்கின்றன என்று கண்ணால் காண்பீர்கள். அதை ஹெடரில் மூன்று வாக்கியமாக எழுதி, கூடவே ஓர் அசர்ட்டும் சேர்த்து, ஒரே ஒரு கிளாஸுக்கு மட்டும் திருத்தமாக அனுப்புங்கள். பராமரிப்பவர்கள் 'இது தவறு, உண்மையில் இப்படி' என்று பதில் எழுதினாலும் நல்லதுதான். அவர்கள் தலைக்குள் மட்டும் இருந்த விதி அந்தப் பதிலில் வெளியே வந்துவிடும், அடுத்த திருத்தத்தில் அதையே எழுதிவிடுங்கள்.