ஒரே ஃபைலில் நான்கு மொழி: எந்த எடிட்டர் எடுப்பது?

வெப் பக்கங்களுக்கு நிரல் எழுத எந்த எடிட்டரை (நிரல் எழுதும் மென்பொருளை) எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு விஎஸ் கோட் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், எங்கே வேலைக்குப் போனாலும் பக்கத்தில் இருப்பவரும் பெரும்பாலும் அதையேதான் வைத்திருப்பார். ஆனால் "எந்த எடிட்டர் தெரிந்தால் வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கவலை வேண்டாம். நேர்காணலில் எடிட்டரின் பெயருக்கு மதிப்பெண் கிடையாது. ஒரு நிரலைக் கொடுத்துப் பிழை எங்கே என்பார்கள், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) தெரியுமா என்று பார்ப்பார்கள்.

எடிட்டர் உங்கள் நேரத்தைத் தின்பதும் மிச்சப்படுத்துவதும் வேறு இடத்தில். ஒரு பிஎச்பி ஃபைலைத் திறந்தால் மேலே சர்வரில் ஓடும் பிஎச்பி, நடுவில் பக்கத்தின் கட்டமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல், ஸ்டைல் டேகுக்குள் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ், கீழே பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கான வியூவின் (Vue) ஃபைலும் கிட்டத்தட்ட அப்படித்தான். கர்சர் நிற்கும் வரி எந்த மொழி என்று எடிட்டருக்குத் தெரிகிறதா? இதைச் சோதிக்க எளிய வழி, ஒரு வரியைக் கமெண்டாக (கணினி ஓட்டாமல் விடும் குறிப்பாக) மாற்றும் ஷார்ட்கட். சிஎஸ்எஸ் வரியில் அழுத்தினால் /* */ வர வேண்டும், ஜாவாஸ்கிரிப்ட் வரியில் // வர வேண்டும், எச்டிஎம்எல்லில் அதற்குரிய குறி. எல்லா இடத்திலும் ஒரே குறியைப் போட்டால், அந்த எடிட்டர் ஃபைலின் பெயரை மட்டும்தான் பார்க்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஃபார்மேட் (வரிகளைத் தானாக ஒழுங்குபடுத்தும் வசதி) செய்து பாருங்கள். கலந்து எழுதிய ஃபைலில் வரிகள் கன்னாபின்னாவென்று நகர்வது அங்கேதான் தெரியும். விஎஸ் கோட்கூட வெறுமனே நிறுவினால் போதாது. பிஎச்பிக்கு இன்டெலிஃபென்ஸ் போன்ற எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் இணைப்பு), வியூவுக்கு அதன் அதிகாரபூர்வ எக்ஸ்டென்ஷன் என்று சேர்க்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் தேடி அலைய விருப்பமில்லை என்றால் பிஎச்பிஸ்டார்ம் என்ற எடிட்டர் இருக்கிறது. பிஎச்பி வரிக்குள் மேற்கோள் குறியிட்டு எழுதும் டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லைக்கூடத் தனி மொழியாக அடையாளம் காணும். விலை கொடுத்து வாங்க வேண்டியது, ஆனால் மாணவர்களுக்கு இலவச உரிமம் உண்டு. ராம் குறைவான கணினியில் திணறும், அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கற்றுவிட்டு இன்னொன்றுக்கு மாறினால் எல்லாம் வீணாகிவிடுமோ என்றும் பயப்படுகிறீர்கள். வெப் வேலைக்கென்றே அடோபி கொண்டுவந்த பிராக்கெட்ஸ் எடிட்டருக்கு 2021இல் அந்நிறுவனம் ஆதரவை நிறுத்தியது. கிட்ஹப்பின் ஆட்டம் (Atom) எடிட்டர் 2022 டிசம்பரில் மூடப்பட்டது. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் எடிட்டரை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 2016இல் வந்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் இதை இன்னும் எளிதாக்கியிருக்கிறது. ஒரு மொழியைப் புரிந்துகொண்டு பரிந்துரை தரும் வேலையைத் லாங்குவேஜ் சர்வர் என்ற தனி நிரல் செய்யும். அதே சர்வரை விஎஸ் கோட், சப்லைம் டெக்ஸ்ட், நியோவிம் எதிலும் இணைக்கலாம். உங்கள் பங்குக்கு, வரித் தொடக்கத்தில் விடும் இன்டென்ட் எத்தனை இடைவெளி என்பது போன்ற விதிகளை எடிட்டரின் செட்டிங்ஸில் புதைக்காமல், பல எடிட்டர்களும் படிக்கும் எடிட்டர்கான்ஃபிக் ஃபைலாக புராஜெக்ட் ஃபோல்டரிலேயே வையுங்கள். குழுவில் ஆளுக்கொரு எடிட்டர் வைத்திருந்தாலும் சண்டை வராது.

தமிழ் எழுத்து வரும் பக்கங்கள் செய்வதாகச் சொன்னீர்கள். ஃபைலைத் தமிழ் எழுத்தையும் ஏற்கும் யுடிஎஃப்-8 குறியீட்டில் சேமியுங்கள், ஆனால் ஃபைலின் தொடக்கத்தில் சேரும் பிஓஎம் என்ற அடையாளம் இல்லாமல். கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று பைட் பிஎச்பி ஃபைலின் தலையில் உட்கார்ந்தால், ஹெடர் (பக்கத்துக்கு முன்னால் சர்வர் அனுப்பும் தகவல்) ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது என்று பிழை வரலாம். நிரலில் எத்தனை முறை தேடினாலும் காரணம் அகப்படாது.

கூடவே டெர்மினலில் ஓடும் விஐ (vi) எடிட்டரையும் கொஞ்சம் பழகுங்கள். திறக்க, திருத்த, சேமிக்க, வெளியே வர, இவ்வளவு போதும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக ஒரு லினக்ஸ் சர்வருக்குள் நுழையும்போது பல நேரம் கைக்குக் கிடைப்பது அது ஒன்றுதான்.