ஜாவா ஸ்விங்கில் டெக்ஸ்ட் ஏரியாவுக்கு ஸ்குரோல்பார் போட்டும் வரவில்லையே, ஏன்?

ஜாவாவில் திரை அமைக்க உதவும் ஸ்விங்கில், பல வரி எழுதும் பெட்டியான ஜேடெக்ஸ்ட்ஏரியாவை, நகர்த்திப் பார்க்க வைக்கும் சட்டமான ஜேஸ்குரோல்பேனுக்குள் வைத்துவிட்டேன், எழுத்து கீழே போய் மறைகிறது, ஸ்குரோல்பார் மட்டும் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய புரோகிராம் வரிகளைப் பார்க்காமலே சொல்கிறேன்: டெக்ஸ்ட் ஏரியாவுக்கு எங்கோ ஓரிடத்தில் செட்பிரிஃபர்ட்சைஸ் என்று அளவைக் கட்டிக் கொடுத்திருப்பீர்கள். அந்த வரியை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அப்படி ஒரு வரி இல்லையென்றால், ஸ்குரோல்பேனைச் சேர்த்த பிறகு டெக்ஸ்ட் ஏரியாவையும் தனியாகப் பேனலில் (பெட்டிகளை அடுக்கும் தட்டில்) ஆட் பண்ணியிருப்பீர்கள். ஸ்விங்கில் ஒரு பொருள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இரண்டாவது ஆட் அதை ஸ்குரோல்பேனிலிருந்து பிடுங்கிவிடும். பேனலில் ஸ்குரோல்பேனை மட்டும் சேருங்கள், போதும்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

2018இல் கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு ஓர்டர் எடுக்கும் சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். டிப்ளோமா முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. வெளியூர்க் கடைக்காரர் வட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்புவார். கணக்குப்பிள்ளை அதைக் கொப்பி பண்ணி என் டெக்ஸ்ட் ஏரியாவில் ஒட்டிச் சேமிப்பார். ஸ்டோர் பொடியன் திரையைப் பார்த்து வாசிக்க, நாட்டாமைகள் (சுமை தூக்குபவர்கள்) மூட்டையைத் தூக்கி லொறியில் ஏற்றுவார்கள். நான் சோதித்ததெல்லாம் ஐந்து வரி, ஆறு வரி. பெட்டி வடிவாக நிற்க வேண்டும் என்று டெக்ஸ்ட் ஏரியாவுக்கு அகலம் 400, உயரம் 230 என்று செட்பிரிஃபர்ட்சைஸ் கொடுத்திருந்தேன். ஸ்குரோல்பேனும் போட்டிருந்தேன்.

தீபாவளிக்கு முதல் கிழமை மலையகத்து ஹற்றன் கடையொன்றிலிருந்து 19 வரி ஓர்டர் வந்தது. திரையில் தெரிந்தது 14. சீனி, பருப்பு, செத்தல் மிளகாய் எல்லாம் ஏறின. கீழே இருந்த உளுந்து, ரவை, கடலைப்பருப்பு, சர்க்கரை, எள் ஐந்தும் ஏறவில்லை. தீபாவளிப் பலகாரச் சாமான் அத்தனையும் அந்த ஐந்து வரிக்குள்தான் இருந்தது. தேயிலைத் தோட்டத்துச் சனம் முற்பணம் எடுத்து வாங்க வரும் நாட்கள். முதலாளி தன் செலவில் வேன் பிடித்து அனுப்பிவிட்டு எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, உங்கட மெசின் அஞ்சு சாமானை முழுங்கிட்டுது." அவ்வளவுதான் சொன்னார், ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெள்ளவத்தையிலிருந்து 101 பஸ்ஸில் ஏறி ஓடினேன். அந்த ஓர்டரைத் திறந்து கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் சி அடித்து நோட்பேடில் ஒட்டினேன். 19 வரியும் வந்து நின்றது. சேமித்தது சரி, காட்டியதுதான் பிழை. அன்றிரவு ஸ்குரோல்பாரை எப்போதும் காட்டு என்று அதன் பொலிசியை (காட்டும் விதியை) மாற்றிப் பார்த்தேன். பார் வந்தது. ஆனால் அதற்குள் பிடித்து இழுக்கும் கட்டை இல்லை. அந்த வெறும் பள்ளத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

ஸ்குரோல்பேன் எழுத்தை எண்ணுவதில்லை. உள்ளே இருப்பதிடம் "உனக்கு எவ்வளவு உயரம் வேண்டும்?" என்று கேட்கிறது. எழுத்து கூடக் கூட டெக்ஸ்ட் ஏரியா தானாகவே கூட்டிச் சொல்லும். நாம் 230 என்று கட்டிப்போட்டால், 50 வரி இருந்தாலும் 230 என்றே சொல்லும். இடம் போதும் என்று ஸ்குரோல்பேன் பேசாமல் இருந்துவிடும். அளவு வேண்டுமென்றால் டெக்ஸ்ட் ஏரியாவை உருவாக்கும்போதே வரிசை (ரோ) 12, நிரல் (கொலம்) 40 என்று கொடுங்கள். தொடக்க அளவு அதில் வரும், வளர்வதும் தடைப்படாது. நீண்ட வரி பக்கவாட்டில் ஓடாமலிருக்க செட்லைன்ராப், சொல் நடுவில் உடையாமலிருக்க செட்ராப்ஸ்டைல்வேர்ட், இரண்டுக்கும் ட்ரூ. ஸ்விங்குக்கு முந்திய ஏடபிள்யூடி என்ற பழைய திரைக் கருவியின் டெக்ஸ்ட்ஏரியாவில் ஸ்குரோல்பார் கூடவே வரும். அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு ஸ்விங்குக்கு வருபவர்கள் குழம்புவதில் பிழையே இல்லை.

"இந்தக் காலத்தில் யார் ஸ்விங்கில் எழுதுகிறார்கள்?" என்று கீழே எழுத வருபவர்களுக்கும் ஒன்று. ஜாவாவில் எழுதத் தேவையான கருவித் தொகுப்பான ஜேடிகே 1.2உடன் 1998இல் வந்த ஸ்விங் இன்றும் ஜேடிகேயோடு சேர்ந்தே வருகிறது. ஸ்விங்குக்குப் பிறகு வந்த ஜாவாஎஃப்எக்ஸை 11ஆம் பதிப்போடு ஜேடிகேயிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். 2022இல் இலங்கையில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனபோது ரூட்டர் செத்துக் கிடந்தது. கடையின் பழைய லப்டொப்பில், போனில் வந்த ஓர்டர்களைக் கணக்குப்பிள்ளை தட்டச்சில் ஏற்றிக்கொண்டிருந்தது இந்தப் புரோகிராமில்தான். வெப் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கடைக்கு இது பொருந்தியது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வருடம் ஓர் அலுவலகத்தில் என் மகளின் பெயரைப் பதியப் போனேன். அப்பா பெயர், பிள்ளை பெயர் இரண்டையும் சேர்த்து எழுதினால் அந்தப் பெட்டிக்குள் அடங்கவில்லை. கடைசி நான்கு எழுத்து வெட்டுப்பட்ட பெயரோடுதான் தாள் கைக்கு வந்தது. திருத்த மூன்று தரம் லீவு போட்டேன். "சிஸ்டம் எடுக்குதில்லை" என்றார் அங்கே பதிந்த அம்மா. சிஸ்டம் தானாக முளைக்கவில்லை. தமிழ்ப் பெயர் எவ்வளவு நீளம் வரும் என்று ஒருவரையும் கேட்காமல் யாரோ எழுதியிருக்கிறார். எனக்கு அந்த ஐந்து வரிதான் ஞாபகம் வந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்குரோல்பார் வந்த பிறகு இன்னொரு தொல்லை வரும். நான் எல்லாம் திருத்தி ஓடவிட்ட அடுத்த நாளே கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். "தம்பி, இப்ப மேல் வரியளைக் காணேல்ல." பெட்டிக்குள் எழுத்தைப் போடும் செட்டெக்ஸ்ட் செய்தவுடன் கர்சர் கடைசி எழுத்துக்குப் போகும், பார்வையும் கூடவே கீழே இறங்கிவிடும். அதற்கு அடுத்த வரியில், கர்சரின் இடத்தைச் சொல்லும் செட்கேரட்பொசிஷன் பூச்சியம் என்று போடுங்கள், முதல் வரியிலிருந்து காட்டும்.