கவுண்டரை மறிக்கும் கூட்டம்

கேள்வி: அரசு இணையதளத்தைத் தாக்கி முடக்கிவிட்டார்கள் என்கிறார்களே, நம் ஆதார் விவரமெல்லாம் திருடு போய்விடுமா?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: இந்தத் தாக்குதலால் மட்டும் எதுவும் திருடு போகாதம்மா, இது வழிமறிப்பு. மாட்டுங்கா ஸ்டேஷன் கவுண்டரில் டிக்கெட்டே வாங்காத ஆயிரம் பேர் முண்டியடித்துக்கொண்டு "தாதருக்கு எவ்வளவு?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் உங்களுக்கு எப்போது டிக்கெட் கிடைக்கும்? அதேதான்: இங்கே கவுண்டர் என்பது அந்த இணையதளம், கூட்டம் என்பது அதற்கு வீண் கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும் ஏராளமான கருவிகள். 2007-இல் எஸ்டோனியாவில் அரசு, வங்கி, பத்திரிகைத் தளங்கள் வாரக்கணக்கில் இப்படித் திணறின.

அந்தக் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கவலை. 2016-இல் பரவிய மிராய் என்ற தீய நிரல், வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் இந்தக் கூட்டத்துக்கு ஆளாகப் பிடித்தது. உங்கள் ரவுட்டரைக் கவிழ்த்து அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், பாஸ்வேர்ட் 'அட்மின்' என்று இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.